செகண்ட் ஹேண்ட் திங்க்பேட் டி480, அஞ்சு மாசம் பாவிச்ச பிறகு

2025 ஒக்டோபர் 14ம் திகதிய வீட்டுக் கலண்டர்ல சிவப்புப் பேனையால வட்டம் போட்டு வச்சிருந்தன். அம்மா அதக் கண்டுட்டு என்ன மனே அண்டைக்கு, ஆருக்கும் கலியாணமா எண்டு கேட்டா. இல்லம்மா, விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் சப்போட்ட நிப்பாட்டுற நாள் எண்டன். உடன அவ கேட்டது, அப்ப தங்கச்சிட லெப்டொப் அண்டைக்கோட நிண்டிருமா? இந்தக் கேள்விய ஒக்டோபருக்கு முந்தின மாசம் முழுக்க என்னட்ட கேக்காத ஆள் இல்ல, ஒழுங்கையில உள்ள ஆக்கள், டியூசன் சேர், கல்லடிப் பாலத்தடியில கண்ட பழைய கிளாஸ்மேட், எல்லாரும் இதத்தான் கேட்டாங்க. அதுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் இந்த லெப்டொப் வாங்குற கதையே தொடங்கினது, அதனால ரிவ்யூவையும் அங்க இருந்தே தொடங்குறன்.

லெப்டொப் நிக்காது. 14ம் திகதி எப்பிடி ஓடினதோ 15ம் திகதியும் அப்பிடித்தான் ஓடும். ஆனா அதுக்குப் பிறகு விண்டோஸ்ல ஒரு ஓட்டையக் கண்டுபிடிச்சா அத அடைக்கிற அப்டேட் உங்களுக்கு வராது, அவ்வளவுதான் விசயம், ஆனா அந்த அவ்வளவுதான் பெரிய விசயம். 2017 மே மாசம் வன்னாகிரை எண்டு, ஃபைலெல்லாம் பூட்டி வச்சுக் காசு கேட்ட வைரஸ் வந்தது ஞாபகம் இருக்கிற ஆக்களுக்கு விளங்கும். அந்த ஓட்டைய அடைக்கிற அப்டேட்ட மைக்ரோசொப்ட் மார்ச் மாசமே விட்டுட்டு, போடாம விட்ட மெசினெல்லாம் மாட்டினது, கிட்டத்தட்ட 150 நாட்டுல ரெண்டு லட்சத்துக்கு மேல கொம்பியூட்டர், இங்கிலாந்துல ஆஸ்பத்திரியள்ல ஒப்பரேசனே தள்ளிப் போட்டாங்க. 2014லயே சப்போட் முடிஞ்ச பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசொப்ட் அவசரத்துக்கு ஒரு அப்டேட் விட வேண்டி வந்தது. அப்பிடி ஒண்டு திரும்ப வந்தா, தங்கச்சி வந்தாறுமூலை கெம்பஸ்ல கடைசி வருசம், ரெண்டு வருசமா சேத்த ஆய்வு டேட்டா எல்லாம் அவட லெப்டொப்லதான் கிடக்கு, அத நினைச்சா எனக்கு நித்திரை வராது.

ஒரு வருசம் தள்ளிப்போட வழி இருந்தது, அதையும் சொல்லோணும். மைக்ரோசொப்ட் எக்ஸ்டெண்டட் அப்டேட் எண்டு 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் தனி ஆக்களுக்குக் குடுக்குது, 30 டொலர் கட்டலாம், இல்லாட்டி மைக்ரோசொப்ட் எக்கவுண்ட்டோட செட்டிங்ஸ சிங்க் பண்ணினா காசு இல்லாமலே தாறாங்க. கையில காசு இல்லாத ஆக்கள் கட்டாயம் இதச் செய்யுங்க, நானும் பக்கத்து வீட்டுத் தம்பிட லெப்டொப்புக்கு செய்து குடுத்தன். ஆனா தங்கச்சிட மெசின் இன்டெல் ப்ரொசசர்ல ஆறாம் ஜெனரேசன் (ஆறாவது தலைமுறை) ஐ3, 4 ஜிபி ரேம், வேர்ட்டும் குரோமும் ஒண்டாத் திறந்தாலே ஃபேன் கத்தத் தொடங்கிரும், அதனால இந்தச் சாட்டோட மாத்துவம் எண்டு முடிவெடுத்தம். பட்ஜெட் 90,000 ரூபா.

அந்த நேரம் 90,000க்கு புதுசு ஒண்டும் வரல்ல. வந்த ஒண்டு ரெண்டும் 4 ஜிபி ரேமும் செலரோன் எண்டுற மலிவு ப்ரொசசரும் போட்டது, அதெல்லாம் பாட்டுக் கேக்கலாம், படிக்க ஏலாது. 2022ல டொலர் 200ல இருந்து 360க்குப் போனதுக்குப் பிறகு லெப்டொப் விலை பழைய இடத்துக்குத் திரும்பி வரவே இல்ல, அதுக்கு மேல 2024 ஜனவரியில இருந்து வெட் வரி 18 வீதம். நம்மட மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் எல்லாம் படிக்கிற பிள்ளையள் செகண்ட் ஹேண்ட் லெப்டொப்தான் தூக்கிட்டுப் போகுதுகள், இதுதான் காரணம். வெளிநாட்டுக் கம்பனியள் மூண்டு நாலு வருசம் லீஸ்ல பாவிச்சுட்டு மொத்தமா கழிக்கிற மெசினுகள், கொன்டெய்னர்ல வந்து இறங்கி கொழும்பால இஞ்ச வருது. அதுகள்ல நல்லது எது, தலையில கட்டுறது எது எண்டு பிரிச்சுப் பாக்கத்தான் டெக் நியூஸ் வாசிக்கிறது உதவும். கன பேர் நினைக்கிற மாதிரி டெக் நியூஸ் எண்டுறது அமெரிக்காக்காரன்ட பங்குச் சந்தைக் கதை இல்ல, அங்க ஒருத்தன் எடுக்கிற முடிவு ரெண்டு மாசத்துல திருகோணமலை வீதிக் கடைக் கண்ணாடிக்குள்ள விலையா வந்து நிக்கும்.

முதல்ல டவுன்ல ஒரு கடைக்குப் போனம், பேர் வேணாம். அங்க நிண்ட தம்பி திங்க்பேட் டி470 ஒண்டக் காட்டினான், 64,000, பாக்க பளபளெண்டு இருந்தது, திறந்தா விண்டோஸ் 11 ஓடுது. அண்ணன் இதுல லேட்டஸ்ட் விண்டோஸ் போட்டிருக்கு, கண்ண மூடிட்டு எடுங்க எண்டான். நான் கண்ணத் திறந்து ப்ரொசசரப் பாத்தன், ஐ5 7300யூ. ஏழாம் ஜெனரேசன். விண்டோஸ் 11ஐ மைக்ரோசொப்ட் இன்டெல்ல எட்டாம் ஜெனரேசன்ல இருந்துதான் ஏத்துக்கொள்ளுது, ஏழாம் ஜெனரேசன்ல விரல் விட்டு எண்ணுற சில மொடலுக்கு மட்டும் விலக்குக் குடுத்தாங்க, இந்த 7300யூ அதுல இல்ல. அப்ப இதுல எப்பிடி 11 ஓடுது? அந்த செக்க ஏமாத்திப் போட்டு இன்ஸ்டோல் பண்ணி இருக்காங்க. அதுக்கெண்டு டூல் இருக்கு, நானும் விளையாட்டுக்குச் செய்து பாத்திருக்கன், நல்லாத்தான் ஓடும், ஆனா அப்பிடிப் போட்ட மெசினுக்கு அப்டேட் தரவேண்டிய கட்டாயம் எங்களுக்கு இல்ல எண்டு மைக்ரோசொப்ட் வெளிப்படையாச் சொல்லி இருக்கு. சப்போட் முடியிது எண்டுதான் புதுசு வாங்கப் போறம், போய் வாங்கிறது சப்போட் இல்லாத மெசின் எண்டா அது என்ன வேலை. தம்பியிட்ட இதச் சொன்னன், அவன் எல்லாரும் இதத்தான் அண்ணன் வாங்கிட்டுப் போறாங்க எண்டான். அவன் சொன்னது உண்மையா இருக்கும், அதுதான் எனக்கு மனசுக்குச் சரியில்லாமப் போனது. ஒரு உம்மா பிள்ளைக்கு எண்டு காசு சேத்துக்கொண்டு வந்தா ஆரு அவவுக்கு இதச் சொல்லுற? விக்கிறவன் சொல்லோணும், இது ஏழாம் ஜெனரேசன், விண்டோஸ் 11க்கு முறையான சப்போட் இல்ல, அதனாலதான் விலை குறைவு எண்டு. அத மறைக்கிறது பிழை.

மறுகா காத்தான்குடியில ஒரு கடை, இதுக்கும் பேர் போடல்ல, விளம்பரம் மாதிரிப் போயிரும். அங்க இருந்த கடைக்காரக் காக்கா, தம்பி நான் ரெண்டையும் வச்சிருக்கன், 470யும் 480யும், வித்தியாசம் 15,000 சொச்சம், உங்கட வேலையப் பொறுத்து எடுங்க எண்டு ரெண்டையும் மேசையில பக்கத்துல பக்கத்துல வச்சார். வெளிய பாத்தா ரெட்டைப் பிள்ளையள், அடியில உள்ள ஸ்டிக்கரப் பாக்காட்டி பழக்கம் இல்லாத ஆளுக்கு வித்தியாசமே பிடிபடாது. உள்ளுக்க மலைக்கும் மடுவுக்கும். டி470ல உள்ள ஐ5ல கோர், அதாவது ப்ரொசசருக்குள்ள வேலை செய்யிற மூளை, ரெண்டு, டி480ல உள்ள ஐ5 8350யூ நாலு கோர். இன்டெல் கன வருசமா இந்த மெல்லிய லெப்டொப் ஐ5ல ரெண்டு கோருக்கு மேல தராமலே இருந்துட்டு எட்டாம் ஜெனரேசன்லதான் நாலு ஆக்கினது, அதே இடத்துலதான் விண்டோஸ் 11 கோட்டையும் கீறினாங்க. அதனால இந்த 15,000 ரூபாய்க்கு வாற லாபம் வேற எந்த 15,000லயும் வராது. நாங்க எடுத்தது 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ஃபுல் எச்டி ஸ்கிரீன், 79,500.

எடுக்க முதல் ஒண்டரை மணித்தியாலம் இருந்து செக் பண்ணினன், காக்கா பிளேன்டி எல்லாம் தந்து பேசாம இருந்தார், அந்தப் பொறுமைக்கே அவருக்கு நன்றி. எல்லாரும் பாக்கிற ஸ்கிரீன் புள்ளி, கீபோட், கீல் எல்லாத்தையும் விட்டுட்டு, ஆக்கள் பாக்காம விடுறத மட்டும் சொல்லுறன். ஒண்டு, பயோஸுக்குள்ள, அதாவது விண்டோஸ் தொடங்க முதல் வாற செட்டிங்ஸுக்குள்ள, போங்க. ஓன் பண்ணக்குள்ள எஃப்1 அமத்தினா போகும். அங்க சூப்பவைசர் பாஸ்வேட் கேட்டுதெண்டா அந்த மெசினக் கையாலயும் தொடாதீங்க. பழைய கம்பனி போட்ட பாஸ்வேட் அது, மறந்தா அழிக்க முறையான வழி மதர்போட் மாத்திறதுதான், கடைக்காரருக்கே தெரியாம அப்பிடி மெசின் வாறதும் உண்டு. மற்றது பெட்டரி. விண்டோஸுக்குள்ளயே ஒரு பெட்டரி ரிப்போட் எடுக்கலாம், அதுல புதுசா இருக்கக்குள்ள எவ்வளவு, இப்ப ஃபுல்லா சார்ஜ் ஏறினா எவ்வளவு எண்டு ரெண்டு நம்பரும் வரும், கடைக்காரர் ஆறு மணித்தியாலம் நிக்கும் எண்டு சொல்லுறத விட்டுட்டு அந்த ரெண்டு நம்பரயும் நம்புங்க. எங்கட மெசின்ல வெளிப் பெட்டரி 80 வீதம் மிச்சம், உள் பெட்டரி அரைவாசிக்கும் கீழ. அத வச்சு 2,000 ரூபா குறைச்சுக் கேட்டன், காக்கா 1,500 குறைச்சார். மேல சொன்ன விலை குறைச்ச பிறகு உள்ளது.

இந்த ரெண்டு பெட்டரி விசயம்தான் டி480ட உயிர். உள்ளுக்கு 24 வாட் அவர்ல ஒண்டு, பின்னால கழட்டுற மாதிரி ஒண்டு, பின்னுக்கு உள்ளதுல 24, 48, 72 எண்டு மூண்டு சைஸ் இருக்கு. உள் பெட்டரி தாங்கிற நேரத்துக்கு மெசின் ஓடிக்கொண்டு இருக்கக்குள்ளயே வெளிப் பெட்டரியக் கழட்டி வேற போடலாம், நிறுத்தத் தேவை இல்ல. 2019ல வந்த டி490ல இத எடுத்துட்டாங்க, ரேம்லயும் ஒண்டப் போட்டோட ஒட்டிட்டு ஒரு ஸ்லொட் மட்டும் விட்டாங்க. புதுசு எண்டு நினைச்சு டி490 எடுக்கிற ஆக்கள் இத யோசிச்சு எடுங்க, மெல்லிசாத்தான் இருக்கும், ஆனா நம்மட ஊருக்கு எது வேணும் எண்டு பாக்கோணும்.

நம்மட ஊருக்கு பெட்டரிதான் வேணும். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க கரண்ட் போச்சே, பாணந்துறையில சப் ஸ்டேசனுக்குள்ள குரங்கு பாய்ஞ்சு, அண்டைக்குத் தங்கச்சி அசைன்மென்ட் குடுக்க வேண்டிய கடைசி நாள், அவட பழைய லெப்டொப் கரண்ட் போன கையோட நிண்டிட்டு. அழுதுட்டா. அண்டைக்கே அடுத்த மெசின்ல பெட்டரிதான் முதல்ல பாக்கிறது எண்டு நினைச்சன். பிறகு நவம்பர் கடைசியில டித்வா புயல். நாட்டுல எத்தினை சனம் செத்தது, எத்தினை சனத்துக்கு வீடு போனது, அதுக்கு முன்னால லெப்டொப் கதை பெரிசில்ல, ஆனா ரிவ்யூ எழுதுறதால நடந்ததச் சொல்லுறன். எங்கட ஒழுங்கையில ரெண்டு நாள் கரண்ட் இல்ல, போன் எல்லாம் செத்துட்டு, அந்த நேரம் தனியா வாங்கி வச்ச 72 வாட் அவர் பெட்டரியப் போட்டு லெப்டொப்ப ஒரு பவர் பேங்க் மாதிரி வச்சு எங்கட வீட்டு போனும் பக்கத்து ரெண்டு வீட்டு போனும் சார்ஜ் ஏத்தினம், சொந்தக்காரர் படுவான்கரையில இருக்காங்க, அவங்களோட கதைச்சு நல்லா இருக்காங்க எண்டு அறிய ஏலுமா இருந்தது. அந்த ஒரு நாளைக்கே இந்த மெசினுக்குக் குடுத்த காசு தீர்ந்துட்டு எண்டு அம்மா சொன்னா.

சார்ஜ் ஏத்திறதும் டைப் சி. பிடி (பவர் டெலிவரி) எண்டு போட்ட 65 வாட் டைப் சி சாஜர் எதுவும் ஏத்தும், அதனால ஊர்ல ஆருட்டயும் கேட்டு வாங்கலாம். ஒரு விசயம், 2017ல இருந்து 2019 வரைக்கும் வந்த திங்க்பேட்ல டைப் சி போட்ட ஓட்டுற தண்டர்போல்ட் சிப்புட ஃபேம்வெயர்ல (சிப்புக்குள்ளயே இருக்கிற சொஃப்ட்வெயர்) ஒரு பிரச்சினை இருந்து, விட்டா அந்த டைப் சி போட் செத்துப்போகும் எண்டு திங்க்பேட் செய்யிற லெனோவோவே அறிவிச்சு அப்டேட் விட்டது, டி480யும் அதுல சேத்தி. வாங்கின அண்டைக்கே அந்த அப்டேட்டப் போடுங்க, பத்து நிமிச வேலை, நான் வீட்ட வந்து பெட்டியத் திறந்த கையோட செய்த முதல் வேலை அதுதான்.

இப்ப ரேம் கதைக்கு வாறன், நான் எழுத உக்காந்ததே இதச் சொல்லத்தான். மெசின் வாங்கினது ஒக்டோபர் முதல் கிழமை. அந்தக் கிழமைதான், ஒக்டோபர் 1ம் திகதி, சட்ஜிபிடி செய்த ஓபன்ஏஐ கொரியாவுல சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ் ரெண்டு பேரோடயும் உடன்பாடு எண்டு நியூஸ் வந்தது, மாசம் 9 லட்சம் வேஃபர் (சிப் வெட்டி எடுக்கிற சிலிக்கன் தட்டு) வரைக்கும் மெமரி வேணும் எண்டு. உலகத்துல ரேம் செய்யிற பெரிய ஆக்கள் மூண்டு பேர்தான், சாம்சுங், ஹைனிக்ஸ், மைக்ரோன். ஏஐ சிப்புக்குப் போடுற எச்பிஎம் மெமரி இருக்கே, அது சாதாரண மெமரிய விட ஒரே அளவு ஜிபிக்கு கிட்டத்தட்ட மூண்டு மடங்கு வேஃபர் தின்னும் எண்டு மைக்ரோனே சொல்லி இருக்கு. லாபமும் அதுலதான் கூட. அப்ப மூண்டு பேரும் எந்தப் பக்கம் ஃபெக்டரியத் திருப்புவாங்க? இதுக்கு முன்னமே, நாங்க பாவிக்கிற இந்தப் பழைய டிடிஆர்4 வகை ரேம செய்யிறதக் குறைக்கப் போறம் எண்டும் வருச நடுவுல கதை வந்திருந்தது. வயல்காரனுக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னா, ஊர்ல வெள்ளாமை செய்யிற மூண்டு போடியாரும் (பெரிய வயல்காரர்) வயல வேற பயிருக்கு மாத்திட்டாங்க எண்டா அடுத்த போகம் அரிசி விலை என்ன ஆகும் எண்டு ஆரும் சொல்லித் தரத் தேவை இல்லயே, அதேதான்.

நான் அந்த நியூஸ வாசிச்ச அடுத்த நாளே திரும்ப காத்தான்குடிக்கு பைக்க எடுத்துட்டுப் போய் காக்காட்ட இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் வாங்கினன், கழட்டின ஸ்டிக்தான், 5,500 ரூபா. டி480ல ரேம் ஸ்லொட் ரெண்டு, ரெண்டும் கையால மாத்தலாம். பயோஸுக்குள்ள போய் உள் பெட்டரிய டிசேபிள் பண்ணிட்டு, அடி மூடியில உள்ள ஸ்குரூவெல்லாம் லூஸ் பண்ணி, ஸ்குரூ மூடியோடயே நிக்கும் கீழ விழாது, பழைய பாங்க் கார்ட் ஒண்டால ஓரத்த நெம்பினா திறக்கும். கால் மணித்தியாலத்துல 16 ஜிபி. கல்முனையில இருக்கிற என்ட கூட்டாளி ஒருத்தனும் அதே மாடல் எடுத்தவன், மச்சான் இப்பவே ரேமப் போடு எண்டு சொன்னன், சம்பளம் வரட்டும் பாப்பம் எண்டான். டிசம்பர் 3ம் திகதி மைக்ரோன், கடையில நாங்க வாங்கிற குரூசியல் எண்டுற பிராண்டையே நிப்பாட்டுறம், 29 வருசத்துக்குப் பிறகு, எண்டு அறிவிச்சது. ஜனவரியில கூட்டாளி கேட்டுப் போகக்குள்ள அதே 8 ஜிபி ஸ்டிக் 13,000. அதுவும் பழசு. அவன் இன்னும் 8 ஜிபியோடதான் இருக்கான், அவன்ட பிழை எண்டு நான் சொல்லல்ல, எங்கயோ ஒரு டேட்டா சென்டருக்கு வேணும் எண்டதுக்கு கல்முனையில ஒரு பொடியன் ஏன் ரெண்டு மடங்குக்கு மேல குடுக்கோணும், அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கு. ஒக்டோபர் 29ம் திகதி ஏஐ சிப் செய்யிற என்விடியா அஞ்சு ட்ரில்லியன் டொலர் கம்பனி ஆனது எண்டு எல்லாரும் ஷெயர் பண்ணினாங்க, அந்த விலையில ஒரு துளி நம்மட பொடியன்மார்ட பொக்கட்ல இருந்தும் போகுது எண்டு ஆரும் எழுதல்ல.

அதனாலதான் திரும்பத் திரும்ப சொல்லுறன், திறக்க ஏலுற மெசின வாங்குங்க. ரேம் ஒட்டினதா, ஸ்லொட்டா எண்டு கேளுங்க. இண்டைக்கு 8 ஜிபியோட எடுத்துட்டு விலை இறங்கினா நாளைக்குப் போடலாம், செத்தா மாத்தலாம். ஒட்டின மெசின்ல வாங்கின அண்டைக்கு உள்ளதுதான் கடைசி வரைக்கும். எக்ஸ்280 எண்டு சின்னதா வடிவா ஒண்டு அதே விலைக்கு விக்கிறாங்க, ரேம் ஒட்டினது, 8 ஜிபி எக்ஸ்280 எடுக்கிறதுக்கு நான் ஆருக்கும் சொல்ல மாட்டன்.

பாவிக்கிறது எப்பிடி எண்டா, 16 ஜிபியோட விண்டோஸ் 11 ஒரு தடங்கலும் இல்ல. தங்கச்சி குரோம்ல இருபது டேப், வேர்ட், ஆய்வு டேட்டாவக் கணக்குப் பாக்கிற எஸ்பிஎஸ்எஸ் எல்லாம் ஒண்டாத் திறந்து வச்சிட்டு சூம்லயும் இருப்பா, ஓடும். கீபோட் எண்டா இந்த விலைக்கு மேல இருக்கிற புது லெப்டொப் ஒண்டுலயும் இப்பிடி இல்ல, விரல் வச்சா உள்ளுக்க போய் வாறது விளங்கும், ராவு முழுக்க டைப் பண்ணினாலும் கை நோகாது எண்டு அவளே சொல்லுவாள். எச்டிஎம்ஐ, நெட்வேர்க் வயர் போடுற போட், எஸ்டி கார்ட் எல்லாம் மெசின்லயே இருக்கு, தனியா டொங்கிள் தூக்கத் தேவை இல்ல, கெம்பஸ்ல ப்ரொஜெக்டர் இன்னும் பழைய ப்ரொஜெக்டர்தானே. ஸ்கிரீன்தான் இதுட பலவீனம், வெளிச்சம் 250 நிட்ஸ்தான், வீட்டுக்குள்ள போதும், விறாந்தையில பகல் வெளிச்சத்துல இருந்தா கண்ணச் சுருக்கோணும், நிறமும் மங்கல், ஃபோட்டோ எடிட் பண்ணுற ஆக்கள் வேற பாருங்க. இன்னும் மோசம், 1366க்கு 768 ஸ்கிரீன் போட்ட டி480யும் சந்தையில சுத்துது, விலை குறைவு எண்டு அத எடுத்துராதீங்க, வாங்கக்குள்ள டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல 1920 எண்டு இருக்கா எண்டு பாருங்க. பெரிய பெட்டரி போட்டா பாரமும் கூட, ரெண்டு கிலோவுக்குக் கிட்ட வரும், பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்து நிக்கும், எனக்கு அது டைப் பண்ண வசதியாத்தான் இருக்கு.

கடல் பக்கத்துல இருக்கிற ஆக்களுக்கு ஒண்டு. கல்லடி, நாவலடி, பாசிக்குடா மாதிரி இடத்துல உப்புக்காத்து மெசினத் தின்னும், ஆறு மாசத்துக்கு ஒருக்கா திறந்து ஃபேன் தூசிய எடுத்து, யூஎஸ்பி ஓட்டையெல்லாம் காய்ஞ்ச பிரஷால தட்டி விடுங்க. இதத் திறக்கிறது லேசு எண்டதால நானே செய்யிறன், அடைச்ச மெசின் எண்டா கடைக்குக் குடுத்து ஒவ்வொருக்காவும் காசு.

புது லெப்டொப் விளம்பரத்துல எல்லாம் இப்ப ஏஐ பிசி, கோபைலட் பிளஸ் எண்டு போடுறாங்க. அந்தப் பேர் எடுக்க என்பியூ, அதாவது ஏஐ வேலைக்கெண்டே உள்ள சிப், 40 டொப்ஸ் (செக்கனுக்கு 40 ட்ரில்லியன் கணக்கு) வேகத்துல வேணும், 16 ஜிபி ரேம் வேணும், டி480ல அந்த என்பியூ இல்ல, வரவும் வராது. அதால என்ன இழந்தம் எண்டு அஞ்சு மாசமா யோசிக்கிறன், ஒண்டும் இல்ல. ரீகோல் எண்டு ஸ்கிரீன விடாமப் படம் பிடிச்சு வைக்கிற ஒண்ட 2024ல அறிவிச்சு, ஆக்கள் பாதுகாப்பு என்ன ஆகும் எண்டு கேட்டதுல பின்வாங்கி, 2025 ஏப்ரல்லதான் கோபைலட் பிளஸ் மெசினுகளுக்கு விட்டாங்க, அப்பிடி ஒண்டு தங்கச்சிட மெசின்ல இல்லாததே நல்லம் எண்டு நினைக்கிறன். ஏஐ பாவிக்கிறதெண்டா ப்ரௌசர்ல பாவிக்கலாம், அதுக்கு நெட் இருந்தாப் போதும்.

நெட் எண்டக்குள்ள ஞாபகம் வருது, ஒக்டோபர் 20 அமேசன் கிளௌட் விழுந்தது, நவம்பர் 18 கன வெப்சைட்டுகளுக்கு முன்னால நிக்கிற கிளௌட்ஃபிளேர் விழுந்தது, நவம்பர் 18 அண்டைக்கு சட்ஜிபிடியும் திறக்கல்ல, எக்ஸும் திறக்கல்ல. அதுக்குப் பிறகு தங்கச்சிட்ட சொல்லி வச்சிருக்கன், ஆய்வு ஃபைல் கிளௌட்ல இருந்தாலும் லெப்டொப்லயும் ஒரு கொப்பி, வெளி ஹாட்டிஸ்க்ல ஒரு கொப்பி. 256 ஜிபி இதுக்கெல்லாம் தாராளம்.

பழைய ஐ3 லெப்டொப்ப எறியல்ல, அதுல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் 22 எண்டுற ஒப்பரேட்டிங் சிஸ்டம் போட்டு அப்பாக்குக் குடுத்துட்டன், 2029 வரைக்கும் அப்டேட் வரும், காசு இல்ல. 4 ஜிபியிலயும் ப்ரௌசரும் வேர்ட் வேலையும் செய்யுது, ஃபேன் சத்தமும் குறைஞ்சிட்டு. அப்பா பென்சன் எடுத்த ஆசிரியர், அவர்ட பழைய கடிதம், கோயில் கணக்கு, நோட்டீஸ் எல்லாம் யூனிகோட்டுக்கு முந்தின பாமினி எழுத்துல. இது திறக்குமா எண்டுதான் பயந்தார். ஒண்டும் இல்ல, பாமினி ஃபொன்ட் ஃபைல ஃபொன்ட்ஸ் ஃபோல்டருக்குள்ள கொப்பி பண்ணினன், லிப்ரே ஒஃபிஸ்ல பழைய ஃபைல் எல்லாம் அப்பிடியே திறந்தது. யூனிகோட் தமிழுக்கு ஐபஸ் எண்டுற லினக்ஸ் டைப்பிங் டூல்ல தமிழ்99 கீபோடும் இருக்கு, இங்கிலிஸ்ல அடிச்சா தமிழ் வாற ஃபொனெட்டிக்கும் இருக்கு. ரெண்டு நாள் குறை சொன்னார், மூண்டாம் நாள்ல இருந்து என்னக் கூப்பிடல்ல. டி470 ஏற்கனவே வாங்கிட்ட ஆக்களும் கவலைப்படாதீங்க, உங்கட மெசினுக்கு மின்ட் கன நல்லாப் பொருந்தும், ஏமாத்திப் போட்ட விண்டோஸ் 11ஐ விட அது நிம்மதி.

புள்ளி குடுக்கிறதெண்டா டி480க்கு பத்துக்கு எட்டரை, ஒண்டரைய ஸ்கிரீனுக்காக வெட்டினன். காத்தான்குடிக் கடைக்கு ஒம்பது, உள்ளத உள்ளபடி சொல்லி வித்ததுக்கு, மூண்டு மாச வொறன்டியக் கைப்பட எழுதித் தந்ததுக்கு. அந்த டவுன் கடைக்கு நான் புள்ளி போடல்ல, தம்பி கெட்டவன் இல்ல, அவனுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கல்ல எண்டுதான் நினைக்கிறன், போன மாசம் அந்தப் பக்கம் போகக்குள்ள உள்ளுக்க போய் எட்டாம் ஜெனரேசன் கணக்க ஒரு துண்டுல எழுதிக் குடுத்துட்டு வந்தன், வாங்கி கவுண்டர்ல ஒட்டினான்.

மிச்சம் கிடக்கிறது உள் பெட்டரி மட்டும்தான், இப்ப முப்பது வீதத்துக்கு இறங்கிட்டு, வெளிப் பெட்டரிய மாத்தக்குள்ள மெசின் நிண்டிருமோ எண்டு பயம் வருது. 24 வாட் அவர் ஒரிஜினல் ஆருட்டயாவது மட்டக்களப்புலயோ கல்முனையிலயோ இருந்தா விலையச் சொல்லுங்க, தங்கச்சி ஆய்வு ஒப்படைக்க இன்னும் அஞ்சு கிழமைதான் இருக்கு, அதுக்கு முன்னம் மாத்திக் குடுக்கோணும்.